மரியாதைப் பன்மை

நாங்கள் நாலு பேர். கால்கரியில் மூவர்,
லெத்பிரிட்ஜில் ஷபீனா.
வெள்ளி இரவு பதினொன்றுக்கு ஹெட்செட் மாட்டியதும்
முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பதல்ல,
"எதுவரைக்கும் வந்திருக்கே?"

சொன்ன இடத்துக்கு அப்பால்
ஒரு வாசல், ஒரு வாள், ஓர் ஊர்ப் பெயர்கூடப் பேசக்கூடாது.
"இனிமேதான் இருக்கு" என்பதும் கூடாது.
"அந்தப் படகுக்காரனோட ரொம்பப் பழகாதே" என்று
அக்கறைபோலச் சொல்வது எல்லாவற்றிலும் மோசம்.
ஷபீனாவை ஒருமுறை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம்,
ஒரு பெருமூச்சுக்காக.

ரெக்ஸ்லின்தான் எப்போதும் பின்னால்.
பனி வாரும் லாரி ஓட்டுகிறவன்.
டியர்ஃபுட் சாலையில் அதிகாலை மூன்றுக்கு
தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு, பின்னால் உப்பும் சரளையும்.
வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.
நான் மூன்றே நாளில் முடித்துவிட்டு
பதினோரு வாரமாக வாயைக் கட்டியிருந்தேன்.

எனக்கு அது பழக்கம்.
யார் ரத்தத்தில் என்ன என்று லேபில் தெரிந்துகொண்டு
அவர்களோடே லிஃப்டில் இறங்கும்போது
குளிரைப் பற்றி மட்டும் பேசுகிறவள்.

தமிழ்தான் ஒத்துழைக்கவில்லை.

விளையாட்டில் ஒரு முகமூடி. குதிரையில் வரும்,
பாலத்தில் நிற்கும், பேசாது.
கவசத்துக்குள் யார் என்பதுதான் மொத்தக் கதையும்.
எங்கள் வினைச்சொல்லோ வாலில் மணி கட்டிய பூனை.
எவ்வளவு பதுங்கி நடந்தாலும்
முடிகிற இடத்தில் கிணுங்கிவிடும்.

அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
பாலத்தில் ஏழாவது முறை செத்துவிட்டு
"இந்த முகமூடி என்னை விடாது போல" என்றான்.
ஆறுதல் சொல்லப் போனேன்.
"கவலைப்படாதே. கடைசியில உனக்காகத்தான் வருவா."

'ங்க' என்று இரண்டு எழுத்து.
அதைச் சேர்க்க நாக்குக்குச் சோம்பல்.

நாலு வீட்டு ஹீட்டரும் காதுக்குள் இரைந்தன.
ஷபீனா இருமினாள். கவியரசன் தம்ளரை எங்கோ வைத்தான்.
"ஓ" என்றான் ரெக்ஸ்லின்.
பிறகு, "வேலைக்குக் கிளம்பணும்."
அன்றிரவு பனி பெய்யவில்லை.

அதற்குப் பின் விதி ஒன்று கூடியது:
முகம் தெரியாத எவருக்கும் மரியாதைப் பன்மை.
வந்தாங்க, வெட்டினாங்க, செத்துப்போயிட்டாங்க.
பேய்க்கும் உண்டு, பேசும் நரிக்கும் உண்டு.
கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரைக் கவனிப்பதுபோல்
அரக்கர்களைக் கவனித்தோம்.

பிப்ரவரியில் சினூக் காற்று வந்தது.
ஒரே இரவில் தெருவெல்லாம் ஓடை,
கூரையெல்லாம் சொட்டு.
வாருவதற்குப் பனியில்லை.
அவன் விடிய விடிய விளையாடி முடித்தான்.

வெள்ளிக்கிழமை, மன்னிப்பை ஒத்திகை பார்த்தபடி கேட்டேன்:
"கவசத்தைக் கழட்டினதைப் பார்த்தியா?"
"பார்த்தேன்."
"நான் கெடுத்துட்டேன், இல்ல?"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஏதோ மிக்சர் மெல்லும் சத்தம்.
"பாலத்துல நீ வாளை உருவினியா?"
"பின்னே?"
"நான் உருவலை. கீழ வெச்சுட்டுச் சும்மா நின்னேன்."
பிறகு, ஐஸில் பிரேக் போடுகிறவனைப் போல
ஒவ்வோர் அசையாக:
"என்கிட்ட வந்தவங்க வேற."

வேற யார் என்று வாய் வரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
கேட்பதும் கூடாது. அந்த விதியை எழுதியதே நான்.

இப்போது முதலிலிருந்து தொடங்கி
மறுபடி பாலத்துக்கு வந்திருக்கிறேன்.
வாள் தரையில்.
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
மற்ற மூவருக்கும் தெரியும்போல, ஒருவரும் மூச்சுவிடவில்லை.
மூடுபனிக்குள் குளம்புச் சத்தம்.

வர்றாங்க.